பயறு வண்டும் காமா கதிரும்: பூச்சிகளின் உடல் வேதியியலில் கதிர்வீச்சின் விளைவுகள்

அயனியாக்கும் கதிர்வீச்சு பூச்சியின் உடலில் பாயும்போது அதன் செல்களில் உள்ள நீர், நொதிகள், ஹார்மோன்கள், டி.என்.ஏ. ஆகியவற்றில் வேதிமாற்றங்கள் நிகழ்கின்றன. இம்மாற்றங்களால் பூச்சி உடனே இறந்துவிடுவதில்லை. பல வேளைகளில் அது நடமாடும், பறக்கும், இணையும். ஆனால் அதன் முட்டை பொரியாது, அல்லது புழு வளர்ந்து முதிர்ச்சி அடையாது. நூறாண்டுகளுக்கு மேலாக உலகின் பல ஆய்வகங்களில் சேர்ந்த இந்த அறிவு இன்று தானியச் சேமிப்பு, பழ ஏற்றுமதி, கால்நடைப் பாதுகாப்பு ஆகியவற்றில் பயன்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் முக்கியப் பயிர்களில் ஒன்றான உளுந்தையும், அதைத் துளைக்கும் பயறு வண்டையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வரலாற்றை எளிதில் புரிந்துகொள்ளலாம்.

பயறு வண்டு

புதுக்கோட்டை மாவட்டம் செம்மண் நிலமும் கண்மாய்ப் பாசனமும் கொண்டது. மானாவாரி நிலங்களில் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, கொள்ளு ஆகியவை விளைகின்றன. அறந்தாங்கியை ஒட்டிய காவிரிக் கடைமடைப் பகுதிகளில் சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் உளுந்து விதைப்பதும் உண்டு. ஆலங்குடி அருகே வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் அமைந்திருப்பதும் இதனால்தான்.

இந்தப் பயறுகளுக்குச் சேமிப்பில் பெரும் எதிரி பயறு வண்டு. வயலில் காய் முற்றும்போதே இது முட்டையிடத் தொடங்கிவிடும். அறுவடையோடு வீட்டுக்கு வந்து, மூட்டையிலும் குதிரிலும் பெருகும். தாய் வண்டு பயற்றின் மேல்தோலில் வெள்ளைப் புள்ளிபோல முட்டையை ஒட்டவைக்கிறது. பொரிந்து வரும் புழு நேரே பயற்றைத் துளைத்து உள்ளே போய், அங்கேயே தின்று வளர்ந்து கூட்டுப்புழுவாகிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்த வண்டு வட்டமான ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வெளிவந்த வண்டுக்கு உணவே தேவையில்லை. இரண்டு வாரங்களுக்குள் முடியும் அதன் வாழ்நாள் முழுவதும் இணைவதற்கும் முட்டையிடுவதற்குமே ஆகும். ஒரு தாய் வண்டு சுமார் 100 முட்டைகள் வரை இடக்கூடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். வெளியே வந்த வண்டால் பயற்றுக்கு நேரடிச் சேதம் இல்லை. சேதம் செய்வது அடுத்த தலைமுறைப் புழுதான். ஆகவே வண்டைக் கொல்ல முடியாவிட்டாலும், அதற்குச் சந்ததி இல்லாமல் செய்துவிட்டால் பயறு பிழைத்துக்கொள்ளும். கதிர்வீச்சு செய்வது இதைத்தான்.

கதிர்வீச்சும் அதன் அலகும்

வெயிலும் ஒரு கதிர்வீச்சுதான். களத்தில் பயற்றைப் பரப்பிக் காயவைக்கும்போது வெப்பத்தால் ஈரம் குறைகிறது. உள்ளிருக்கும் புழுக்களும் பெருமளவு மடிகின்றன. ஆனால் வெயிலின் வெப்பக் கதிர்கள் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும் வலிமை உடையவை அல்ல. எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகியவற்றுக்கு அந்த வலிமை உண்டு. அவற்றை அயனியாக்கும் கதிர்வீச்சு என்கிறோம்.

உட்கவரப்பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்ந்தால் அது 1 கிரே. இது மிகச் சிறிய ஆற்றல். 1000 கிரே கொடுத்தாலும் ஒரு கிலோ நீரின் வெப்பநிலை கால் டிகிரி செல்சியஸ்கூட உயராது. ஆனால் மனித உடல் முழுவதும் ஒரே நேரத்தில் சுமார் 4 கிரே பெற்று, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் ஏறத்தாழப் பாதிப் பேர் உயிரிழக்க நேரும். அப்படியானால் கேடு விளைவிப்பது வெப்பம் அல்ல. அது வேதியியல் சார்ந்த விளைவு.

நீரில் தொடங்கும் வேதிவினை

பூச்சியின் உடலில் பெரும்பகுதி நீர். காமா கதிர் நீர் மூலக்கூறைத் தாக்கும்போது அது உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் உருவாகின்றன. இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்ட இவை, அருகில் எந்த மூலக்கூறு கிடைத்தாலும் அதனோடு கணப்பொழுதில் வினைபுரியும். புரதம், செல் சவ்விலுள்ள கொழுப்பு, டி.என்.ஏ. ஆகிய மூன்றும் அவற்றுக்கு இலக்காகின்றன. ஆக்சிஜன் இருந்தால் சேதம் மிகும். நைட்ரஜன் நிரப்பிய கலனில் வைத்துக் கதிரூட்டினால் சேதம் குறையும்.

பூச்சியின் உடலில் தற்காப்பும் உண்டு. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகள் இந்தத் தீவிர வேதிப்பொருள்களை நீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்ற முயல்கின்றன. உடைந்த டி.என்.ஏ. இழைகளை ஒட்டும் நொதிகளும் இருக்கின்றன. சேதம் ஒருபுறம், சீரமைப்பு ஒருபுறம் என நடக்கும் இந்தப் போட்டியில் எது வெல்கிறது என்பதே பூச்சியின் கதியை முடிவுசெய்கிறது.

பிரியும் செல்லே இலக்கு

எக்ஸ் கதிர்களை 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டார். பத்தே ஆண்டுகளில், 1906-இல், பிரான்சைச் சேர்ந்த பெர்கோனியே, டிரிபோந்தோ என்ற இருவர் ஒரு பொதுவிதியை வெளியிட்டனர். விரைந்து பிரியும் செல்களும், இன்னும் தமக்குரிய தனிப்பணியை ஏற்காத இளஞ்செல்களும் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் என்பதே அவ்விதி.

பூச்சிகள் மனிதரைவிட அதிகக் கதிர்வீச்சைத் தாங்குவதற்கு இந்த விதி பெரிதும் விளக்கம் தருகிறது. முதிர்ந்த பூச்சியின் தசை, நரம்பு, சிறகு ஆகியவற்றின் செல்கள் மீண்டும் பிரிவதில்லை. புழுப் பருவத்திலும் செல் பிரிதல் பெரும்பாலும் தோலுரிக்கும் காலத்தை ஒட்டியே நடக்கிறது. மனிதனிலோ எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்சுவரும் நாள்தோறும் புதுச் செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அணுகுண்டு விழுந்தாலும் கரப்பான் பூச்சி பிழைக்கும் என்று சொல்வதுண்டு. கரப்பான் மனிதனைவிட அதிகம் தாங்கும் என்பது சரிதான். ஆனால் பூச்சிகளுக்குள் அது முதலிடம் பெறவில்லை. சில குளவிகள் அதைவிடப் பல மடங்கு தாங்குகின்றன.

முதிர்ந்த பூச்சியிலும் இரண்டு இடங்களில் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். ஒன்று இனப்பெருக்க உறுப்பு. மற்றொன்று நடுக்குடலின் புதுப்பிக்கும் செல்கள். அதனால்தான் கதிரூட்டப்பட்ட பூச்சி முதலில் மலடாகிறது. அளவு கூடினால் குடற்சுவர் சிதைந்து, செரிமான நொதிகள் குறைந்து, உண்பதை நிறுத்தி, சில நாள்களில் அல்லது வாரங்களில் இறக்கிறது.

புகையிலை வண்டு முதல் பழ ஈ வரை

சேமிப்புப் பூச்சி ஒன்றின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரன்னர். புகையிலை வண்டைக் கதிரூட்டியபோது அது இட்ட முட்டைகள் பொரியவில்லை என்று 1916-இல் அவர் எழுதினார். காய்ந்த மஞ்சளையும் மல்லியையும் துளைக்கும் அதே வண்டுதான் இது.

காரணம் விளங்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, மரபணுக்களில் செயற்கையாகத் திடீர் மாற்றங்களை உண்டாக்க முடியும் என்று 1927-இல் நிறுவினார். இதற்காக 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதிரூட்டப்பட்ட ஆண் ஈயின் விந்தணு நீந்திச் சென்று முட்டையோடு சேர்கிறது. ஆனால் அதன் குரோமோசோம்கள் உடைந்திருப்பதால் கரு தொடக்கத்திலேயே மடிகிறது என்பது இவ்வகை ஆய்வுகளால் தெளிவாயிற்று.

கொல்லாமல் ஒழித்தல்

கால்நடைகளின் புண்களில் முட்டையிட்டு, உயிருள்ள தசையைத் தின்னும் திருகுப்புழு ஈ அமெரிக்காவில் பெரும் இழப்பை உண்டாக்கி வந்தது. இதன் பெண் ஈ பொதுவாக ஒரே ஒரு முறைதான் இணைகிறது. மலட்டு ஆண்களைப் பெருமளவில் பறக்கவிட்டால் பெண் ஈக்களின் அந்த ஒரே வாய்ப்பும் வீணாகும் என்று எட்வர்டு நிப்ளிங் 1930-களிலேயே எண்ணினார். மலடாக்கும் வழிதான் அவருக்குத் தெரியவில்லை. முல்லரின் ஆய்வுகளை அறிந்து 1950-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் தந்த ஊக்கத்தோடு, நிப்ளிங்கின் உடன் பணியாளர் ரேமண்ட் புஷ்லாண்ட் கூட்டுப்புழுக்களைக் கதிரூட்டிப் பார்த்தார். பறக்கும் திறனும் இணையும் திறனும் கெடாமல் மலட்டுத்தன்மை மட்டும் வரும் அளவு கண்டறியப்பட்டது.

கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவில் 1954-இல் மலட்டு ஈக்கள் பறக்கவிடப்பட்டன. சில மாதங்களில் அங்கே திருகுப்புழு ஈ இல்லாமல் போயிற்று. 1988-இல் இதே ஈ லிபியாவில் நுழைந்தபோது, மெக்சிகோவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த மலட்டு ஈக்களால் 1992-க்குள் ஒழிக்கப்பட்டது. நம் ஊர்ப் பாகற்கொடியையும் புடலைப் பந்தலையும் கெடுக்கும் பூசணிப் பழ ஈயை இதே முறையில் 1993-இல் ஒகினாவா தீவுகளிலிருந்து ஜப்பான் அகற்றியது. நிப்ளிங்குக்கும் புஷ்லாண்டுக்கும் 1992-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

தில்லியில் கிடைத்த பாடம்

மலட்டுப் பூச்சி முறை இந்தியாவிலும் சோதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தில்லியில் ஓர் ஆய்வுப் பிரிவை நடத்தின. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலக்ஸ் கொசுவின் ஆண்கள் அங்கே மலடாக்கப்பட்டுப் பறக்கவிடப்பட்டன. ஆனால் அங்கே பெரிதும் பயன்பட்டது கதிர்வீச்சு அன்று. தையோடெப்பா என்னும் வேதிப்பொருள். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. வெளிநாட்டு நிதியில் நடக்கும் இந்த ஆய்வின் உள்நோக்கம் என்ன என்று செய்தித்தாள்கள் கேட்டன. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவும் கண்டித்தது. ஹரியானாவின் சோனிபட் நகரில் ஏடிஸ் கொசுக்களைப் பறக்கவிடும் திட்டம் கைவிடப்பட்டு, 1975-இல் ஆய்வுப் பிரிவே மூடப்பட்டது.

வேதிப்பொருளால் மலடாக்கினால் அதன் எச்சம் பூச்சியின் உடலில் தங்க வாய்ப்புண்டு. காமா கதிரால் மலடாக்கினால் எதுவும் தங்குவதில்லை. இந்த வேறுபாட்டை மக்களுக்கு முன்கூட்டியே விளக்காமல் எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதே அந்நிகழ்வு தந்த பாடம்.

ஹார்மோனும் நிறமியும்

கதிரூட்டப்பட்ட புழுக்களில் வேறொரு வியப்பும் காணப்பட்டது. அவை உரிய காலத்தில் கூட்டுப்புழுவாக மாறாமல் நீண்ட நாள் புழுவாகவே இருந்தன. பூச்சிகள் தோலுரிப்பதைத் தூண்டும் எக்டைசோன் என்ற ஹார்மோனை 1954-இல் ஜெர்மனியில் புட்டனான்ட், கார்ல்சன் ஆகியோர் பட்டுப்புழுக் கூடுகளிலிருந்து பிரித்தெடுத்தனர். 500 கிலோ கூட்டுப்புழுக்களிலிருந்து கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம். இவ்வளவு நுண்ணிய அளவில் சுரக்கும் ஹார்மோனின் ஒழுங்கு குலைந்தாலே புழு அடுத்த பருவத்துக்குப் போக முடியாது.

நொதிகளில் நிகழும் மாற்றம் நடைமுறைச் சோதனைக்கே வழிகாட்டியது. பழ ஈயின் புழு இறந்தால் சிறிது நேரத்தில் கறுத்துப்போகும். ஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி டைரோசினிலிருந்து வரும் பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்து மெலனின் நிறமியை உண்டாக்குவதே அதற்குக் காரணம். இளம்பருவத்திலேயே கதிரூட்டப்பட்ட புழுவில் இந்த நொதி போதிய அளவு உருவாவதில்லை. ஆகையால் இறந்தபின் அது கறுப்பதில்லை. ஒரு பழத்திலுள்ள புழு கதிர்வீச்சுக்கு உட்பட்டதா இல்லையா என்று கண்டறிய இது உதவும் என்பதை 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

விதிவிலக்குபோலத் தோன்றுபவை

அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளைவிட அதிகக் கதிர்வீச்சைத் தாங்குகின்றன. பிற உயிர்களில் செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் பிடி ஒரே புள்ளியில் இருக்கும். அந்துப்பூச்சிகளில் அது குரோமோசோமின் நீளம் நெடுகப் பரவியிருக்கிறது. அதனால் உடைந்த துண்டும் தொலைந்துபோகாமல் அடுத்த செல்லுக்குப் போய்விடுகிறது. குறைந்த அளவு கதிர் பெற்ற ஆண் அந்துப்பூச்சிக்குச் சந்ததி பிறக்கும். ஆனால் அந்தச் சந்ததி தந்தையைவிட மிகுதியாக மலடாக இருக்கும்.

ஆப்பிரிக்காவில் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் வாழும் ஒரு சிற்றீயின் புழு இன்னும் வியப்பானது. சித்தன்னவாசல் குன்றில் இருப்பதுபோன்ற சுனை கோடையில் முற்றிலும் வற்றிப்போவதாக நினைத்துக்கொள்ளலாம். அத்தகைய குழியில் இப்புழு தானும் காய்ந்து சருகாகி, மழை வந்ததும் உயிர்த்தெழுகிறது. காயும்போது உடலின் நீருக்குப் பதிலாக ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரை நிரம்புகிறது. காய்ந்த நிலையில் இது 7000 கிரே அளவையும் தாங்கியதாக ஆய்வுகள் கூறுகின்றன. நீர் இல்லாததால் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளும் குறைவு, டி.என்.ஏ.-வைச் சீரமைக்கும் திறனும் இப்புழுவுக்கு மிகுதி. பொதுவிதிக்கு மாறாகத் தோன்றும் இந்த உயிரும் அதே வேதியியலைத்தான் மெய்ப்பிக்கிறது.

இந்தியாவில் உணவுக் கதிரூட்டல்

டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளாகப் பூச்சிகள்மீது கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய்ந்து வருகிறது. தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டை மலடாக்கும் ஆய்வுகளும் அங்கே நடந்தன. வெங்காயம், உருளைக்கிழங்கு, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைக் கதிரூட்ட 1994-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. மராட்டிய மாநிலத்தின் லாசல்காவில் அமைந்த கதிரூட்டு நிலையம் வெங்காயம் முளைவிடாமல் தடுப்பதற்கென உருவானது. முளைக்குருத்தும் பிரியும் செல்களால் ஆனதே. பின்னர் அமெரிக்காவுக்கு அனுப்பும் மாம்பழங்கள் அங்கே 400 கிரே அளவில் கதிரூட்டப்பட்டன. முதல் தொகுதி 2007-இல் சென்றது. கொட்டைக்குள் ஒளிந்திருக்கும் கூன்வண்டையும் சதையிலுள்ள பழ ஈப் புழுவையும் அந்த அளவு செயலிழக்கச் செய்கிறது.

தானியங்களிலும் பயறுகளிலும் பூச்சியை ஒழிக்க இந்திய விதிகள் 250 முதல் 1000 கிரே வரை அனுமதிக்கின்றன. பயறு வண்டை மலடாக்கச் சுமார் 100 கிரேயே போதுமாக இருப்பதால், இந்த அளவில் பயற்றுக்குள் இருக்கும் முட்டை, புழு எவையும் சந்ததி தரும் வண்டாக வளர்வதில்லை. காமா கதிர் மூட்டையின் உட்புறம் வரை ஊடுருவுவதால் பயற்றுக்குள் மறைந்திருக்கும் புழுவும் தப்ப முடியாது. கோபால்ட்-60 தரும் காமா கதிர் உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றுவதில்லை. ஆனால் மருந்துபோல அதன் பாதுகாப்புத் தொடர்வதும் இல்லை. கதிரூட்டிய மூட்டையில் வெளியிலிருந்து புது வண்டு நுழைந்தால் மீண்டும் பெருகும். ஆகவே பூச்சி நுழையாத பையில் கட்டிவைப்பது கட்டாயம்.

விதைப் பயற்றுக்கு இது ஆகாது

உணவுக்கான பயற்றுக்குப் பொருந்தும் இம்முறை விதைப் பயற்றுக்குப் பொருந்தாது. பயற்றுக்குள்ளும் ஒரு கரு இருக்கிறது. முளைக்கும்போது பிரிந்து வளரவேண்டிய செல்கள் அதில் உள்ளன. வண்டின் முட்டையைக் கெடுக்கும் அதே கதிர் விதையின் முளைக்குருத்தையும் கெடுக்கும். புதிய இரகங்களை உருவாக்குவதற்காக உளுந்து விதையில் காமா கதிரால் திடீர் மாற்றங்களைத் தூண்டும் ஆய்வுகள் வம்பனில் நடந்திருக்கின்றன. அவ்வாய்வுகளில் கையாளப்படும் கதிர் அளவும், பூச்சியை ஒழிக்க அனுமதிக்கப்பட்ட அளவும் ஏறத்தாழ ஒன்றே. தாவர வளர்ப்பாளர் ஆயிரக்கணக்கான செடிகளில் நல்லதொரு மாற்றத்தைத் தேடுகிறார். பல விதைகள் முளைக்காமல் போவதையும் ஏற்றுக்கொள்கிறார். அடுத்த பட்டத்துக்கு விதை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அந்த இழப்பைத் தாங்க முடியாது.

ஆகவே விதைப் பயற்றைக் காக்கும் பழைய வழிகள் இன்றும் மதிப்பிழக்கவில்லை. நன்றாக வெயிலில் காயவைத்தல், துவரைக்குச் செம்மண் கட்டுதல், சாம்பல் அல்லது உலர்மணல் கலந்து மூடிவைத்தல், வேப்பெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ சிறிதளவு பூசுதல் ஆகியவை விதையின் உயிரைத் தொடாமல் வண்டைத் தடுக்கின்றன. செம்மண் பூச்சு வண்டு முட்டையை ஒட்டவைப்பதைத் தடுக்கிறது. எண்ணெய்ப் பூச்சு முட்டைக்குள் காற்றுப் போவதை அடைக்கிறது. தானியச் சேமிப்புப் பூச்சிகளைப் பிடிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பொறிகளும் விதை மூட்டைகளுக்கு உதவும்.

மாணவர்கள் ஒரு சிறு சோதனையால் பயறு வண்டின் வாழ்க்கையை நேரில் காணலாம். வண்டு விழுந்த உளுந்து ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் பார்த்துக் குறிக்க வேண்டும். வெள்ளை முட்டை, வட்ட ஓட்டை, புது வண்டு எனப் பருவங்கள் மாறுவது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அதே உளுந்தில் ஓட்டை விழுந்தவை சிலவற்றையும் முழுமையானவை சிலவற்றையும் தனித்தனியே ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பார்த்தால், அடுத்த பட்டத்து விதையில் வண்டு எவ்வளவு பங்கைத் தின்றுவிடுகிறது என்பதும் கணக்கோடு தெரியும்.